விக்கவா, ஓட்டவா

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

வேலைக்குக் கிளம்புமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். இன்னும் சூடே ஏறவில்லை, அதற்குள் தண்ணீரில் குமிழ் குமிழாக வருகிறது. சந்தேகமே இல்லை. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. எஞ்சினின் மேல் பாதியான ஹெட்டுக்கும் கீழ் பாதியான பிளாக்குக்கும் நடுவில் கிடக்கிற ஒரு தகடு, அவ்வளவுதான். அது சரியாக இருக்கும்வரை நெருப்பு நெருப்பின் இடத்திலும் தண்ணீர் தண்ணீரின் இடத்திலும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை செப்பாங் பந்தயத்தில் நடந்ததை இங்கேயாவது உள்ளபடி எழுத வேண்டும். ஒரு ஹோஸ் தளர்ந்து தண்ணீர் ஒழுகியிருக்கிறது. சூடு காட்டுகிற ஊசி ஏறுவதைப் பார்த்தேன். மூன்றாவது இடத்தில் இருந்தேன். இன்னும் ஒரே ஒரு சுற்று என்று ஓட்டினேன். அந்த ஒரு சுற்றுதான்.

பெர்த் பக்கம் சுரங்கத்தில் வேலை செய்கிற என் வீட்டுக்காரர் பாலனுக்குச் செய்தி அனுப்பினேன்: "கேஸ்கெட் போச்சு." ஊசியைப் பற்றி எழுதவில்லை.

கொமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை நின்றுகொண்டே வந்தேன். கடையில் இன்று பதினாறு மூக்குக் கண்ணாடி. லென்ஸை விளிம்பு தேய்க்கும்போது மட்டும் மனம் அடங்கி இருந்தது.

13 ஆகஸ்ட், புதன்

பதில் இல்லை. சுரங்கத்தில் இருப்பார்.

14 ஆகஸ்ட், வியாழன்

காலை ஆறேகாலுக்கு அழைத்தார். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம். அவர் போன இந்த இரண்டு வருடம் நாலு மாதத்தில் அதை எத்தனை தடவை நினைத்திருப்பேன்! நான் விழிக்கும்போது அவரும் விழிக்கிறார். நேரம் வேறு, அதனால்தான் கூப்பிட முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

குரல் தெளிவாக இருந்தது. பின்னால் லோரிகள் உறுமிக்கொண்டிருந்தன. அங்கே சுரங்க லோரி ஒவ்வொன்றும் நம் வீட்டை விடப் பெரிது என்பார். அதற்கெல்லாம் அவர்தான் மெக்கானிக்.

"எந்த சிலிண்டர்?"

"ரெண்டும் மூணும். அமுக்கம் தொண்ணூறு தாண்டல. ஒன்னும் நாலும் நூத்தி எழுபது."

"சரி. ஹெட்ட கழட்டு. சாதா கேஸ்கெட் ஒன்னு போட்டு ஓட வச்சிரு, போதும்." லோரி ஒன்று கடந்து போகும் சத்தம். "அப்புறம் வித்துரலாம் கலா."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"கம்பெனில எனக்கு நிரந்தரமா எழுதித் தராங்க. உனக்கும் சேர்த்துதான் பேப்பர் போடறாங்க. வந்துரு. இதுக்கு மேலயும் தனியா எதுக்கு?"

இரண்டு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். வந்துரு. அது வந்தபோது, "வேலைக்கு நேரமாச்சு" என்றேன். என்ன பொம்பள நான்?

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஹெட்டைத் தனியாகவே கழற்றினேன். வாசல் போர்ச் உத்தரத்தில் சங்கிலிக் கப்பி மாட்டி மெதுவாகத் தூக்கினேன். ஒட்டிக்கொண்டிருந்தது, மரச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதும் ஒரு சத்தத்தோடு பிரிந்தது. இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கேஸ்கெட் தீய்ந்து ஒரு விரற்கடை அளவுக்கு இல்லவே இல்லை. அந்த இடம் நீர்த்துளை வரைக்கும் கறுத்திருந்தது.

பதினொரு வருடம் அவரும் நானும் சேர்ந்து வைத்திருந்த எஞ்சின் இது. நான் ஓட்டுவேன், அவர் கட்டுவார். இந்த சத்ரியா காரை வாங்கும்போது அதன் தரையில் ஓட்டை. உட்கார்ந்தால் ரோடு தெரியும். பந்தயத்தில் சுவரோரம் நின்று பலகை காட்டுவார். மற்றவர்கள் நேரத்தை எழுதிக் காட்டுவார்கள். இவர் "மீன் கறி" என்று எழுதிக் காட்டுவார். நான் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே முதல் வளைவில் பிரேக் அழுத்துவேன்.

இன்று துடைத்த துணியெல்லாம் அவருடைய பழைய சட்டை. கிழிக்கும்போது முகர்ந்து பார்த்தேன். அலமாரி வாசம்தான் வந்தது.

23 ஆகஸ்ட், சனி

குரு அண்ணனின் பட்டறைக்கு ஹெட்டைக் கொண்டுபோனேன். கிள்ளானில் பந்தயக் காடி வைத்திருக்கிற பாதிப் பேர் இவரிடம்தான் கடைசல் வேலைக்குப் போவார்கள். ஒரு இரும்புச் சட்டத்தை ஹெட்டின் மேல் குறுக்காக வைத்து, அடியில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார்.

"பாயிண்ட் பன்னெண்டு மில்லிமீட்டர் வளைஞ்சிருக்கு. கொதிக்கவிட்டியா?"

"ஒரு சுத்து."

அவர் மேலே கேட்கவில்லை. நல்ல மனிதர்.

"வளைவ எடுத்துத் தரேன், அது பெரிய வேல இல்ல. அதுக்கப்புறம் எந்த கேஸ்கெட் போடப் போற?"

"எது நல்லது?"

"அப்படிக் கேட்டா எப்படி மா? விக்கவா, ஓட்டவா? அத மொதல்ல சொல்லு."

விற்பதென்றால் சாதா கேஸ்கெட் போதும் என்றார். மேலே மிருதுவாக இருக்கும். கீழே பிளாக்கின் முகத்தில் சின்னச் சின்னப் பள்ளம் இருந்தாலும் அதுவே நிரவிக்கொள்ளும். ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு அஞ்சு வருடம் வரும். பந்தயம் ஓட்டுவதென்றால் இரும்புத் தகடு மூன்று நான்கு அடுக்கிய ஜாதி. அது லேசில் தீயாது. ஆனால் பிளாக்கின் முகம் கண்ணாடி போல இருந்தால்தான் அது பிடிக்கும். அதற்கு எஞ்சின் முழுவதையும் வெளியே இறக்கி, பிஸ்டன், கிராங்க் எல்லாம் பிரித்து, வெறும் பிளாக்காக இங்கே கொண்டுவர வேண்டும்.

"இருக்கற முகத்து மேலயே இரும்பு அடுக்கப் போட்டா என்னண்ணே?"

"மூணு பந்தயம்கூட தாங்காது. பாதி வேல செய்யாத."

அவர் சட்டத்தைத் துடைத்து உறையில் வைத்துவிட்டு, "பாலன் என்ன சொல்றான்?" என்றார். விக்கணுமாம் என்றேன்.

"நீ?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

30 ஆகஸ்ட், சனி

சுமையாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அவள் வாப்பாவின் கடை. இப்போது அவள்தான் கல்லாவில். பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்பு கீழே படித்தவள்.

மேஜை மேல் மூன்று கேஸ்கெட்டை வரிசையாக வைத்தாள். சாம்பல் நிறத்தில் சாதா. கறுப்பாக, உள்ளே அடுக்குத் தெரிகிற இரும்பு. மூன்றாவது செம்பு. செம்பு மட்டும் நகை மாதிரி மின்னியது.

"செம்ப விட்டுருங்க அக்கா. அதுக்குப் பள்ளம் வெட்டிக் கம்பி பதிக்கணும். அது நேர்கோட்டுல பறக்கற பசங்களுக்கு."

இரும்பைக் கையில் எடுத்தேன். எடையே இல்லை. விரல்கள் தானாகவே விளிம்பைத் தடவின. பிறகு சாதாவை எடுத்தேன். பிறகு திரும்பவும் இரும்பு. ஓட்டை சிலிண்டரை விட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கிறதா என்று அளந்தேன். சின்னதாக இருந்தால் அந்த விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டு கனன்று எரியும். சரியாகத்தான் இருந்தது. சாதாவும் சரியாகத்தான் இருந்தது.

"அக்கா, இது நாலாவது தடவ லா. நீங்க கேஸ்கெட் எடுக்கறீங்களா, சேல எடுக்கறீங்களா?"

சிரித்தேன். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. அவள் கல்லாவைப் பூட்டிவிட்டு என்னைப் பக்கத்துக் கடைக்கு இழுத்துப் போய் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தாள். எல்லாம் சொன்னேன்.

"போங்களேன் அக்கா. புருஷன் கூப்பிடறாரு."

"போகணும்னுதான் இருக்கு."

"அப்புறம்?"

"அங்க போனாலும் அவரு ரெண்டு வாரம் சுரங்கத்துல, ஒரு வாரம்தான் வீட்ல. நான் என்ன செய்வேன் சுமையா? இங்க ஒக்காந்து காத்திருக்கறதுக்குப் பதிலா அங்க ஒக்காந்து காத்திருப்பேன்."

சொல்லும்வரை இது என் மனதில் இருப்பது எனக்கே தெரியாது.

வெறுங்கையோடு வந்தேன்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

சுதந்திர தினம். தெருவெல்லாம் கொடி. ஹெட் இல்லாத எஞ்சினின் மேல் மேஜை விரிப்பைப் போர்த்தி வைத்திருக்கிறேன். ஜன்னலிலிருந்து பார்த்தால் யாரோ படுத்துத் தூங்குவது போல இருக்கிறது.

3 செப்டம்பர், புதன்

கேஸ்கெட்டின் கனம் முடிவாக வேண்டும். பாயிண்ட் எட்டு மில்லிமீட்டரும் இருக்கிறது, ஒன்று புள்ளி இரண்டும் இருக்கிறது. ஹெட்டை முன்னமே ஒரு முறை இழைத்திருக்கிறோம், இப்போது திரும்பவும். மெல்லியதாகப் போட்டால் உள்ளே அமுக்கம் அளவுக்கு மேல் ஏறிவிடும். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது பிளாக்கின் முகத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். அந்த எண் அவருக்கு மனப்பாடம். கல்யாண நாளை மறந்தாலும் அதை மறக்க மாட்டார் என்று அவரைக் கேலி செய்வேன்.

காலையில் கூப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், டயல் கேஜ் வைத்து நானே அளந்துகொள்ளலாம். கூப்பிட ஒரு காரணம் கிடைத்தது என்று கூப்பிட்டேன்.

"பிஸ்டன் எவ்ளோ கீழ நிக்குதுங்க? நம்ம எஞ்சின்ல?"

நீண்ட நேரம் யோசித்தார்.

"மறந்து போச்சு கலா."

"பரவால்ல."

"சாதாதானே போடற? அதுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"ஆமா. சாதாதான்," என்றேன். பொய்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ஷா ஆலம் ஸ்டேஷன் வரைக்கும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தேன். ஒரு எண்தானே. மனுஷனுக்கு மறக்காதா? அங்கே எத்தனை லோரி, எத்தனை எண்கள். ஆனா அது நம்ம எண் இல்லயா? என்ன இது, எதுக்கு இப்படி அழுகை வருது.

6 செப்டம்பர், சனி

அளந்தேன். நான்கு பிஸ்டனும் ஒரே மாதிரி: பாயிண்ட் ஒன்று மில்லிமீட்டர் கீழே. மூன்று தடவை அளந்தேன்.

பிளாக்கின் முகத்தையும் வெயிலில் பார்த்தேன். துருப் புள்ளிகள், தீய்ந்த இடத்தில் ஒரு தடம். நகத்தால் இழுத்தால் தட்டுப்படுகிறது. சாதா போட்டால் மூடிக்கொள்ளும். வாங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாது.

எனக்குத் தெரியும்.

7 செப்டம்பர், ஞாயிறு

எஞ்சினை இறக்கினேன்.

9 செப்டம்பர், செவ்வாய்

சொல்லிவிட்டேன். காலையில் அவர்தான் கூப்பிட்டார், யாரோ சுங்கை பூலோ ஊர்க்காரர் காடியை வாங்க வந்து பார்க்கிறேன் என்றாராம்.

"பாக்க ஒன்னும் இல்லங்க. எஞ்சின் வெளிய கெடக்கு. பிளாக்க குரு அண்ணன்கிட்ட அனுப்பப் போறேன்."

பின்னால் லோரிச் சத்தம் இல்லை, அவருக்கு லீவு வாரம்.

"அப்ப நீ வரல."

"வரலன்னு சொல்லல."

"பிளாக்க அனுப்பறேன்னா வேற என்ன அர்த்தம்? எனக்குத் தெரியாதா?"

"ரெண்டு வருஷம்னு சொல்லிட்டுப் போன. ரெண்டே வருஷம்னு. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா, அங்கயே இருந்துரவான்னு? நேரா வித்துரு, வந்துரு. நான் என்ன அந்த சத்ரியாவோட சேர்ந்த பார்ட்ஸா?" நீ, வா, போ என்றெல்லாம் அவரிடம் பேசியதே இல்லை. இன்று வந்துவிட்டது.

அவர் அடங்கின குரலில் சொன்னார்: "எனக்கு இங்க பிடிச்சிருக்கு கலா. சொல்லக் கூச்சமா இருந்துச்சு. காலைல எழுந்தா வேலைக்குப் போகணும்னு ஆசையா இருக்கு. அங்க இருந்தப்ப ஞாயித்துக்கெழம மட்டும்தான் அப்படி இருக்கும்."

கோபமாகப் பேசியிருந்தால் நானும் சேர்ந்து கத்தியிருப்பேன்.

"எனக்கு இன்னும் ஞாயித்துக்கெழமதாங்க," என்றேன். வைத்துவிட்டோம்.

14 செப்டம்பர், ஞாயிறு

ஐந்து நாளாக அழைப்பு இல்லை. நானும் கூப்பிடவில்லை. பிஸ்டன்களைக் கழுவி எண் எழுதி வரிசையாக வைத்தேன். நேற்று குரு அண்ணனின் லோரி வந்து பிளாக்கை ஏற்றிப் போனது.

20 செப்டம்பர், சனி

பிளாக் தயார். குரு அண்ணன் "தடவிப் பாரு" என்றார். நகத்தை வைத்து இழுத்தேன், எங்கேயும் நிற்கவில்லை. லென்ஸ் மாதிரி. பாயிண்ட் ஒன்று மில்லிமீட்டர் எடுத்திருக்கிறார். இனி பிஸ்டன் சரியாக முகத்தோடு முகமாக வந்து நிற்கும்.

அங்கிருந்து நேரே சுமையாவின் கடை.

"இரும்பு அடுக்கு. ஒன்னு புள்ளி ரெண்டு. ஹெட் போல்ட்டும் புதுசு ஒரு செட்."

"அப்பாடா!" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அவருகிட்ட பேசினீங்களா?"

ஒன்பதாம் தேதிக்கு அப்புறம் இல்லை என்றேன். பெட்டியைப் பையில் போட்டாள். பை தேவையில்லை என்று எப்போதும் சொல்கிற நான், இன்று வாங்கிக்கொண்டேன்.

பாயிண்ட் எட்டு போட்டால் நேர்ரோட்டில் இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும். அவராக இருந்தால் அதைத்தான் எடுப்பார். அவர் ஆசைப்பட்டு அடுத்தடுத்துப் பிரித்துப் பிரித்துக் கட்டுவார். எனக்கு நிற்காமல் ஓடுகிற எஞ்சின் வேண்டும். ஒரு வருடம் திறக்காமல் ஓட வேண்டும்.

28 செப்டம்பர், ஞாயிறு

நேற்றும் இன்றும் கட்டினேன். ஹெட்டை இறக்கி வைக்குமுன் இரண்டு முகங்களையும் நான்கு தடவை துடைத்தேன். ஒரு நூல் இழை கிடந்தால் போதும், எல்லாம் வீண். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, குறுக்கும் மறுக்குமாக, மூன்று சுற்றில் முறுக்கினேன். கடைசியாக ஒவ்வொன்றையும் கால் வட்டம். கடைசிப் போல்ட் கிறீச்சிட்டது. உடைந்துவிடுமோ என்று ஒரு கணம். உடையவில்லை.

நிமிர்ந்தபோது "முடிஞ்சிருச்சு பாலா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு நாய் எட்டிப் பார்த்தது.

4 அக்டோபர், சனி

எஞ்சினைக் காடியில் ஏற்றியாயிற்று; இரண்டாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குமிழ் இல்லை. அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அவருக்கு அனுப்பினேன். எழுத்தில் ஒன்றும் சேர்க்கவில்லை.

கேட்டுவிட்டார் என்று நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை.

11 அக்டோபர், சனி

செப்பாங். எட்டுச் சுற்று. இருபத்திரண்டு காடியில் ஒன்பதாவதாக முடித்தேன். ஊசி எழுபத்தெட்டுக்கும் எண்பத்திரண்டுக்கும் நடுவிலேயே இருந்தது. ஐந்தாவது சுற்றில் எனக்கு முன்னால் ஒருவன் வளைவில் அகலமாகப் போனான், உள்ளே நுழைந்துவிட்டேன். அந்த இரண்டு விநாடியில் நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, எதையும் நினைக்கவில்லை.

சுவரோரம் வரும்போதெல்லாம் மட்டும் கண் அவர் பலகை காட்டுகிற இடத்துக்குப் போனது. சுமையா கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். அவள் வந்தது எவ்வளவு பெரிய விஷயம். ஆனாலும் கண் போனது.

12 அக்டோபர், ஞாயிறு

காலை ஏழு மணி. அவர்.

"பந்தயத்த முடிச்சியா?"

"முடிச்சேன். ஒன்பதாவது."

"நீ அனுப்பின சத்தத்த இருபது தடவையாவது கேட்டுருப்பேன். என்ன எழுதறதுன்னு தெரியல."

நான் ஊசியைப் பற்றிச் சொன்னேன். ஆகஸ்டில் அது ஏறினதையும், பார்த்துக்கொண்டே ஒரு சுற்று ஓட்டினதையும். அவர் சிரித்தார். "எனக்குத் தெரியும் லா. கேஸ்கெட் போச்சுன்னா ஊசி ஏறியிருக்கும், ஓட்டறவங்க பாத்துருப்பாங்க." இரண்டு மாதமாகத் தெரிந்தும் கேட்கவில்லை.

"தீபாவளிக்கு வரேன். எட்டு நாள் குடுத்துருக்காங்க."

18 அக்டோபர், சனி

வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார், கறுத்திருக்கிறார். சோப்பு வாசம் வேறு. விமான நிலையத்தில் இருவரும் அசட்டுத்தனமாகக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம், கட்டிக்கொள்ளத் தெரியாதவர்கள் போல.

21 அக்டோபர், செவ்வாய்

நேற்று தீபாவளி. எண்ணெய்க் குளியல், ஆட்டுக் கறி, விருந்தாளிகள். எல்லோரும் போன பிறகு போர்ச்சுக்கு வந்தார். நான் எஞ்சினை ஓடவிட்டேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பானெட்டைத் திறக்கவில்லை.

"எவ்ளோ கனம் போட்ட?"

"ஒன்னு புள்ளி ரெண்டு."

"நான் பாயிண்ட் எட்டு போட்டுருப்பேன்."

"தெரியும்."

"இதுதான் சரி," என்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு சாயங்காலம் முழுதும் சுரங்கத்தைப் பற்றிப் பேசினார். சிவப்பு மண், ஆளுயர டயர், காலையில் வருகிற கிளிக் கூட்டம். அவர் முகம் இப்படி மலர்ந்து நான் கல்யாணத்துக்கு முன்னால்தான் பார்த்திருக்கிறேன். இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. அவரும் "வந்துரு" என்று இந்த முறை சொல்லவில்லை.

26 அக்டோபர், ஞாயிறு

வழியனுப்பிவிட்டு வந்தேன். விமான நிலையத்தில் உள்ளே போகும் இடத்தில் நின்று, "டிசம்பர்ல வரியா?" என்றார்.

"வரேன்."

"எத்தன நாளைக்கு?"

"பத்து நாள்."

அவர் கண் கொஞ்சம் தாழ்ந்தது. நான் கையை விடவில்லை. பிறகு தலையை ஆட்டினார். "அந்தப் பத்து நாளும் லீவு போட்டுடறேன். சுரங்கத்துப் பக்கமே போக மாட்டேன்."

போனவர் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். முன்பெல்லாம் திரும்பவே மாட்டார்.

வீட்டுக்கு வந்து அவர் குடித்துவிட்டு வைத்த காப்பிக் கோப்பையைக் கழுவாமல் வைத்திருக்கிறேன். நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம்.

2 நவம்பர், ஞாயிறு

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பெர்த்துக்கு டிக்கெட் எடுத்தேன். டிசம்பர் 19. ஒருவழியா, போய்வரவா என்று திரையில் கேட்டது. போய்வர. டிசம்பர் 29.

முதலாளி லீவு கொடுத்துவிட்டார். பெர்த்தில் அப்போது நல்ல வெயிலாம், பருத்திச் சட்டையாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் பாலன். இன்னும் நாற்பத்தேழு நாள்.